அலைந்த கருப்பையும் அம்மாவின் நோட்டும்

'ஹிஸ்டீரியா' என்ற சொல்லின் வேர், கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெண்ணுக்கு மூச்சு முட்டினாலும் பேச்சு நின்றாலும், கருப்பை இடம்மாறி அலைவதே காரணம் என்று பழைய கிரேக்க மருத்துவம் நம்பியது. அதற்குச் சொன்ன வைத்தியங்களில் ஒன்று கல்யாணம். நம் ஊரில் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள்; ஆனால் வைத்தியம் அதேதான்.

19ஆம் நூற்றாண்டில் அறிவியல் வந்தது. பெண்ணின் உடல்மீதிருந்த சந்தேகம் மட்டும் போகவில்லை. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ, நோயாளிப் பெண்களைப் பார்வையாளர்கள் முன் நிறுத்திப் பாடம் நடத்தினார். வலிப்பை நிறுத்த, சினைப்பை இருக்கும் அடிவயிற்றை அழுத்தும் முறையும் அங்கே இருந்தது. 1872இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்ற மருத்துவர், நோயில்லாத சினைப்பைகளை அகற்றும் அறுவை சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். பின்னர் ஹிஸ்டீரியா, வலிப்பு, 'பைத்தியம்' என்ற பெயர்களில் ஏராளமான பெண்கள் அந்தக் கத்திக்கு ஆளானார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலிலிருந்து ஹிஸ்டீரியா என்ற பெயர் 1980இல்தான் நீக்கப்பட்டது.

இந்த வரலாற்றுக்கு ஒரு விசித்திரமான பின்கதை உண்டு. 2005இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவும் சக ஆய்வாளர்களும் நான்கு பெண்களைப் பற்றி எழுதினார்கள். திடீரென்று மனநோய் போன்ற அறிகுறிகள், பிறகு நினைவு தப்புதல், மூச்சுத் திணறல். நால்வருக்குமே சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி. 2007இல் 12 பெண்களிடம் காரணத்தை உறுதிசெய்தார்கள். அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசுவும் இருக்கலாம். அதை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடி, மூளையில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகளையும் தாக்குகிறது. இது ஒருவகை மூளை அழற்சி. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும். கட்டி இல்லாமலும் வரும். ஆனால் 2013இல் வெளிவந்த 577 பேர் குறித்த ஆய்வில் 81 சதவீதம் பெண்கள்.

என் தங்கைக்கு 20 வயதில் வந்தது இந்த நோய்தான். தூக்கம் போனது. யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொன்னாள். முதலில் பார்த்த மருத்துவர் "லவ் ஃபெயிலியரா?" என்று கேட்டார். முதலில் சேர்த்த இடத்தில் அவள் கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். அத்தை திருநீறு மந்திரித்துக்கொண்டு வந்தார். அம்மா மட்டும் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "பத்து நாளைக்கு முன்னால இவ இப்படி இல்ல சார்."

நம் ஆஸ்பத்திரிகளில் "பேஷண்ட் கூட யாரு?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பெண்தான் எழுந்து நிற்பாள். அம்மா தையல் வேலையை விட்டுவிட்டு வார்டிலேயே இருந்தார். துணி அளவு எழுதும் நோட்டில் நேரம் போட்டு எழுதினார்: எப்போது காய்ச்சல், எப்போது வாய் தானாக மெல்லுகிறது, எப்போது கை மட்டும் தூக்கியபடி நிற்கிறது, எப்போது வலிப்பு. வேறு மருத்துவமனைக்கு மாற்றிய பிறகு, ஒரு இளம் பெண் மருத்துவர் அந்த நோட்டை வாங்கி உட்கார்ந்து படித்தார். அன்று மாலையே முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வயிற்று ஸ்கேனில் கட்டி தெரிந்தது. கட்டியை எடுத்தார்கள், ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தார்கள். அவள் எங்கள் பெயர்களைச் சொல்ல இரண்டு மாதம் ஆனது. தனியாகப் பேருந்து ஏற ஒரு வருடம்.

சினைப்பையைக் குற்றவாளியாக்கிய மருத்துவர்களுக்கும் சினைப்பையில் கட்டியைக் கண்டவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முன்னவர்கள் பெண்ணைப் பற்றித் தாங்கள் நம்பியதை அவள் உடலில் தேடினார்கள். பின்னவர்கள் உடலில் நடந்ததைப் பார்த்து, அதற்கு ஆதாரம் தேடினார்கள். அம்மாவின் நோட்டும் அப்படியான ஓர் ஆதாரம். அதைப் 'பாசம்' என்று மட்டும் சொல்லி ஒதுக்கினால் அதிலிருக்கும் அறிவு கண்ணில் படாது. அந்த மாதங்களில் அவர் இழந்த தையல் கூலியும் எந்த பில்லிலும் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயின் பெயர் தெரிந்ததும் உறவினர்கள் நிம்மதியாகச் சொன்னார்கள்: "நல்லவேளை, பைத்தியம் இல்லை." எனக்கு அந்த நிம்மதியில் பங்கில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போயிருந்தாலும் என் தங்கையின் கட்டை அவிழ்த்திருக்க வேண்டும். "இவள் இப்படி இல்லை" என்ற வாக்கியத்தை உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். அந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்குக் கட்டி இல்லை, ஆன்டிபாடி இல்லை, கூட யாரும் இல்லை. அவளுக்காக நோட்டு எழுத ஆள் வேண்டும்.