ஜங்புராவில் ஒரு வீட்டுத் தொழிற்சாலை

தில்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு ஜங்புரா, போகல் பக்கம் தெரியாமல் இருக்காது. அங்கேதான் ஹிந்துஸ்தான் பிரிஃபேப் என்ற அரசு நிறுவனம் வளர்ந்தது. ஒப்பந்தங்களைப் படித்தே பிழைப்பு நடத்துகிற எனக்கு இதன் பழைய கதை மேல் தனி ஆசை உண்டு.

பிரிவினையின்போது மேற்கு பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கில் மக்கள் வந்து சேர்ந்தார்கள். செங்கல் வைத்துக் கட்டி எப்போது முடிப்பது? சுவர்ப் பலகைகளைத் தொழிற்சாலையில் வார்த்து, கொண்டு போய்ப் பூட்டிவிடலாம் என்றார் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர், மைசூர் சமஸ்தானத்தில் கட்டடக் கலைஞராக இருந்தவர். அப்போது மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநர்.

தொழில்நுட்பத்துக்கு ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துடன் ஒப்பந்தம். முதல், இடம், ஆட்கள் எல்லாம் அரசாங்கம். அதாவது, பலகை நன்றாக வந்தால் இரண்டு பேருக்கும் பெயர்; வராவிட்டால் நஷ்டம் அரசாங்கத்துக்கு! பலகைகள் விரிசல் விட்டன. நாடாளுமன்றத்தில் ரகளை. 1951-ல் கோனிக்ஸ்பெர்கர் இந்தியாவை விட்டே போய்விட்டார்.

அடுத்த உறவு வேறு மாதிரி. 1953-ல் பசாகா சிங் வாலன்போர்க் என்ற தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு ஒரு கூட்டுக் கம்பெனியே தொடங்கியது: ஹிந்துஸ்தான் ஹவுசிங் ஃபாக்டரி. இந்த முறை கூட்டாளியின் பணமும் உள்ளே. இரண்டு வருஷம்தான், 1955-ல் பங்குகள் முழுக்க அரசிடம் வந்தன. 1978-ல் பிரிஃபேப் என்று பெயர் மாறியது. வீட்டுப் பாகங்களோடு மின்கம்பம், ரயில் ஸ்லீப்பர் என்று காங்கிரீட்டில் வார்த்துத்தான் நிலைத்தது. ரயில்வேயும் மின்வாரியமும் தொடர்ந்து வாங்குகிறவர்கள். அகதிக் குடும்பம் ஒரு வீட்டுக்கு மேல் வாங்குமா, என்ன?

எனக்குப் படுவது இதுதான். நஷ்டத்தில் பங்கில்லாத கூட்டாளி வெறும் வியாபாரி. அதைவிட முக்கியம், எந்த ஒப்பந்தத்திலும் வீட்டுக்காகக் காத்திருந்த குடும்பம் ஒரு தரப்பாக இல்லை.

அதே ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய்க் கரையில் நம் மக்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்த மதராசி கேம்ப், நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூனில் இடிக்கப்பட்டது. மாற்று வீடு தொலைவில், நரேலாவில். அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வீடு கட்டும் கணக்கில் குடியிருப்பவரையும் ஒரு தரப்பாக என்றைக்குச் சேர்க்கப் போகிறோம்?