காசநோய் மருந்துக்கு ஏன் ஈ.சி.ஜி.? இதயத்தின் வாயில்களும் எரிபொருளும்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மின்சார ரயில் நிற்கும் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்துக்குப் பெயர் தந்தது அங்கிருக்கும் காசநோய் மருத்துவமனை. டாக்டர் சௌரிமுத்து 1928ல் அதைத் தனியார் நிலையமாகத் தொடங்கினார். 1937ல் அரசு எடுத்துக்கொண்டது. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்பது பலகையில் இருக்கும் பெயர். நம் பகுதி மக்களுக்கு அது இன்றும் 'டி.பி. ஆஸ்பத்திரி'தான். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்காக வந்த பெடாகுவிலின் என்ற புதிய மாத்திரையை மத்திய அரசு 2016ல் நாடு முழுவதிலும் ஆறு மருத்துவமனைகளில் மட்டும் கொடுக்கத் தொடங்கியது. அந்த ஆறில் இதுவும் ஒன்று.

அந்த மாத்திரை சாப்பிடுவோரின் குடும்பங்களிலிருந்து ஜும்ஆவுக்குப் பிறகு நம்மிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். நுரையீரலில் நோய் இருக்க, இதயத்தை ஏன் திரும்பத் திரும்ப ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள்? ரமளானில் நோன்பு வைக்கலாமா? முதல் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காததால் சிலர் ஈ.சி.ஜி.க்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் இதயமே கெட்டுவிட்டதாகப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறார்கள். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. ஆகவே விஷயத்தைச் சற்று அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு மின் அலை அதன் செல்கள் முழுவதும் ஓடுகிறது. இது கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதல்ல. சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் மின்னேற்றமுள்ள துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். இவை செல்லின் மெல்லிய சவ்வைக் கடந்து உள்ளும் புறமும் போய் வருவதே இதயத்தின் மின்சாரம். ஒவ்வொரு வகை அயனிக்கும் சவ்வில் தனித்தனி வாயில்கள் உண்டு. முதலில் சோடியம் வாயில்கள் திறந்து செல் கணப்பொழுதில் தூண்டப்படுகிறது. அடுத்து கால்சியம் நுழைகிறது. தசை சுருங்குவது அதனால்தான். கடைசியில் பொட்டாசியம் வெளியேற, செல் ஓய்வு நிலைக்குத் திரும்பி அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. இந்தக் கடைசி வேலை தாமதமானால் என்ன ஆகும் என்பதில்தான் நம் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது.

வாயில் திறந்தால் அயனிகள் தாமாகவே பாய்ந்துவிடும். அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதற்குத்தான் செலவு. மாடித் தொட்டியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் இலவசமாகக் கொட்டுகிறது. மேலே ஏற்ற மோட்டார் ஓட வேண்டும் அல்லவா? செல்லின் மோட்டார், சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஏ.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. சுருங்கிய தசை விரிவதற்கும் அதே எரிபொருள்தான் வேண்டும். இதய செல்லில் கையிருப்பாக உள்ள ஏ.டி.பி. சில நொடிகளுக்கு மேல் தாங்காது. செலவாகச் செலவாக மைட்டோகாண்ட்ரியாக்கள் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. இதய செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவைதாம்.

எரிபொருள் குறைந்தால் இதயம் தன்னைக் காத்துக்கொள்ளவும் ஒரு வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. 1983ல் ஜப்பானிய விஞ்ஞானி அகினோரி நோமா அதைக் கண்டறிந்து எழுதினார். ஏ.டி.பி. போதுமான அளவு இருக்கும்வரை மூடியே இருக்கும் ஒரு பொட்டாசியம் வாயில் அது. இரத்த ஓட்டம் தடைபட்டு எரிபொருள் குறையும்போது திறந்துகொள்கிறது. பொட்டாசியம் வெளியேறி மின் அலை சுருங்குகிறது. உள்ளே வரும் கால்சியம் குறைகிறது. செல் தன் வேலையைக் குறைத்து மிச்சமிருக்கும் எரிபொருளைச் சேமிக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வாயில் கணையத்திலும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் சர்க்கரைக்குச் சாப்பிடும் கிளிமிபிரைடு மாத்திரை அதை மூடித்தான் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. படைத்தவன் ஒரே ஏற்பாட்டை இரண்டு உறுப்புகளில் இரண்டு வேலைகளுக்கு வைத்திருப்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

இனி மருந்துக்கு வருவோம். காசநோய்க் கிருமியும் ஏ.டி.பி. இல்லாமல் வாழ முடியாது. அதைத் தயாரிக்கும் சுழலும் இயந்திரம் ஒன்று கிருமியின் சவ்வில் இருக்கிறது. பெடாகுவிலின் அந்த இயந்திரத்தில் போய் ஒட்டிக்கொண்டு சுழற்சியை நிறுத்துகிறது. எரிபொருள் இல்லாமல் கிருமி சாகிறது. இப்படிக் கிருமியைக் கொல்லும் முறை அதற்கு முன் எந்தக் காசநோய் மருந்துக்கும் இருந்ததில்லை. அமெரிக்க அரசு இதற்கு 2012 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. நம் மைட்டோகாண்ட்ரியாவிலும் இதையொத்த இயந்திரம் இருக்கிறது. ஆனால் கிருமியின் இயந்திரத்தை முடக்கும் சிறிய அளவு நம்முடையதை அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. நோயாளி பிழைப்பது இந்த வேறுபாட்டினால்தான்.

இதயத்துக்கு வரும் சிக்கல் வேறொரு வழியில் வருகிறது. பெடாகுவிலினும், கல்லீரலில் அது மாறி உண்டாகும் பொருளும், செல்லை ஓய்வுக்குக் கொண்டுவரும் பொட்டாசியம் வாயில்களில் ஒரு வகையை ஓரளவு அடைக்கின்றன. ஹெர்க் என்று அதற்குப் பெயர். ஈத்தர் மயக்கத்தில் கால்களை உதறிய ஒரு பழ ஈயின் மரபணுவை வைத்து வந்த வேடிக்கையான பெயர். இந்த வாயில் அடைபட்டால் செல் ஓய்வுக்குத் திரும்பத் தாமதமாகும். ஈ.சி.ஜி. தாளில் அந்தத் தாமதம் 'க்யூ.டி. இடைவெளி' நீள்வதாகத் தெரியும். நாடித் துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கணக்கில் அது 500 மில்லி நொடியைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். மிகவும் நீண்டால், செல் முழுவதும் ஓய்வடைவதற்குள் இன்னொரு பொறி கிளம்பி இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம். மயக்கம் வரலாம், உயிரும் போகலாம். இது அரிது. அரிதாகவே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஈ.சி.ஜி. இதயம் கெட்டுவிட்டது என்பதற்கான அடையாளம் அல்ல அது. கெடாமல் பார்க்கும் காவல்.

2024ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஆறு மாத சிகிச்சை முறையில் பெடாகுவிலினோடு பிரிட்டோமனிட், லைனிசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் ஆகியவையும் சேர்கின்றன. இவற்றில் மாக்ஸிஃப்ளாக்ஸசினும் அதே இடைவெளியை நீட்டக்கூடியது. மருத்துவர்கள் இதை அறிந்தே கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். கணக்குத் தவறுவது, மூலையிலுள்ள மருந்துக் கடையில் இருமலுக்கு என்று கேட்டு வாங்கும் அசித்ரோமைசினாலும், வாந்திக்கு வாங்கும் டோம்பெரிடோன், ஒண்டான்செட்ரானாலும், படர்தாமரைக்கு வாங்கும் ஃப்ளூகோனசோலாலும்தான். இவை நான்கும் அதே இடைவெளியை நீட்டக்கூடியவை. டி.பி. அட்டையைக் காட்டாமல் எந்த மாத்திரையும் வாங்காதீர்கள். நோயை மறைக்க வேண்டும் என்ற கூச்சத்தில் நம் வீடுகளில் பெண்பிள்ளைகளின் அட்டையை ஒளித்துவைக்கிறார்கள். இந்தக் கூச்சம் மார்க்கம் சொன்னதல்ல.

இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் அந்த வாயில் சரியாக வேலை செய்யாது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய அளவு, தொடர்ந்த வாந்தி, வயிற்றுப்போக்கு, சிறுநீர் அதிகம் போக்கும் மாத்திரை ஆகியவற்றால் இறங்கிவிடும். மக்னீசியமும் அப்படியே. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் இருப்பது உண்மை. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அதுவே அதிகமாகிப்போகும். பரிசோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோன்பைப் பற்றிய கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நோயாளி நோன்பை விட்டுப் பிறகு நோற்கலாம் என்ற சலுகை அல்பகரா அத்தியாயத்தில் தெளிவாக உண்டு. மாத்திரையின் நேரத்தை மாற்றுவது பெரிய சிரமமல்ல. பெடாகுவிலினை உணவோடுதான் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் பாதியளவே உடலில் சேரும். நோன்பு திறந்து கஞ்சியும் உணவும் சாப்பிட்டபின் எடுக்க மருத்துவர் அனுமதிக்கலாம். ஆனால் மே மாத வெயில் போன்ற நாட்களில் நீர் இழப்பும், மருந்து தரும் குமட்டலும், ஏற்கெனவே மெலிந்த உடலும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும். ஆகவே சிகிச்சை முடியும்வரை சலுகையை எடுத்துக்கொள்வதே நம் பார்வையில் சிறந்தது. மருத்துவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று பழைய ஃபிக்ஹு நூல்களில் நிபந்தனை காணப்பட்டாலும், நம்பகமான நிபுணரின் சொல் போதும் என்று இக்கால உலமாக்கள் பலர் கூறுகிறார்கள். விட்ட நோன்புகளைக் குணமானபின் களாச் செய்ய வேண்டும். ஃபித்யா கொடுத்துவிட்டால் முடிந்தது என்று சில குடும்பங்கள் நினைக்கின்றன. அது குணமாகும் நம்பிக்கை இல்லாதவருக்கு உரியது. இந்த நோய் குணமாகக்கூடியது. நோன்பு நோற்றிருப்பவர் ஈ.சி.ஜி. எடுத்தாலோ, பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாலோ ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் நோன்பு முறியாது.

மருந்து தொடங்குமுன் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்தார்களா, அடிக்கடி மயங்கினார்களா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். பொட்டாசியம் வாயில்களின் குறை பிறவியிலும் வரும். 1957ல் நார்வேயின் ஜெர்வெல், லாங்கெ-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அதில் நான்கு குழந்தைகள் பிறவிச் செவிடு. மூன்று பேர் சிறு வயதிலேயே திடீரென இறந்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால்தான் இந்த வகை உண்டாகும். சொந்தத்தில் மணமுடிக்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில், காது கேளாத குழந்தை ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்தால் அதை வலிப்பு என்று விட்டுவிடாமல் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும்.

சிகிச்சையில் இருப்பவருக்கு மயக்கம், படபடப்பு, தலைசுற்றல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பாதியில் விட்டால் கிருமி இந்த மருந்துக்கும் பழகிவிடும், வீட்டிலுள்ள குழந்தைக்கும் அதே கிருமிதான் தொற்றும். இன்னொரு செய்தி, பலருக்குச் சொல்லப்படாதது: பெடாகுவிலின் உடலின் கொழுப்பில் தங்கி மிக மெதுவாகத்தான் வெளியேறுகிறது. இருப்பதில் பாதி குறையவே ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகும். எனவே சிகிச்சை முடிந்து அட்டை மூடப்பட்ட பிறகும், அடுத்த சில மாதங்களில் காய்ச்சலுக்கோ பல்வலிக்கோ எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.