அம்பாஸிடர்: ஒரு குடும்ப வண்டியின் வரலாறு

பிழைப்பின் பொருட்டுக் கல்கத்தா சென்ற தமிழன்பர்களை, ஹௌரா நிலையத்தில் இறங்கியதும் முதன்முதல் ஏறிய வாடகை வண்டி எது என்று கேட்டால், மஞ்சள் நிற அம்பாஸிடர் என்றே பலரும் விடையிறுப்பர். உத்தியோக நிமித்தமாகத் தில்லியில் குடியேறியவர்களின் நினைவிலோ, அரசாங்கச் செயலகங்களின் முற்றத்தில் வரிசையாக நின்ற வெண்ணிற அம்பாஸிடர்கள் இடம்பெற்றிருக்கும். பாரத நாட்டின் எந்த மூலைக்குச் சென்றாலும் கண்ணிற்பட்ட அவ்வண்டி இன்று உற்பத்தியில் இல்லை. அதன் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

இவ்வரலாற்றில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அம்பாஸிடருக்கு மூலமான ஆங்கில வண்டி, பிறந்த நாட்டில் ஏறத்தாழ மூன்றே ஆண்டுகள்தாம் உற்பத்தியில் இருந்தது. அதன் இந்திய வடிவமோ ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. மூலம் மறைந்த பின்னும் வழிநூல் வாழ்ந்தது போன்ற இந்நிலை எங்ஙனம் நேர்ந்தது? அதனால் நாம் பெற்றது யாது? இழந்தது யாது?

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்பார் 1913ஆம் ஆண்டில் 'மாரிஸ் ஆக்ஸ்போர்டு' என்னும் பெயரில் முதல் வண்டியை வெளியிட்டார். அப்பெயர் பின்னர் பல தலைமுறை வண்டிகளுக்கு வழங்கிவந்தது. 1952இல் மாரிஸ் நிறுவனமும் ஆஸ்டின் நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. அதன் பின், 1954இல் ஆக்ஸ்போர்டின் இரண்டாம் வரிசையும் 1956இல் மூன்றாம் வரிசையும் வெளிவந்தன. நடுத்தரக் குடும்பம் ஒன்று, தாய் தந்தை மக்களுடனும் மூட்டை முடிச்சுகளுடனும் செல்லத்தக்க வண்டி அது. தனியே ஓர் அடிச்சட்டம் அமைத்து அதன்மேல் கூண்டைப் பொருத்தும் பழைய முறை அதில் இல்லை. கூண்டும் அடித்தளமும் ஒரே உடலாகப் பற்றவைக்கப்பட்டன. முன்சக்கரங்களின் அதிர்ச்சியை முறுக்குக் கம்பிகளும், பின்சக்கரங்களின் அதிர்ச்சியை அடுக்குப் பட்டைகளாலான விற்களும் தாங்கின. கியர் மாற்றும் கோல் ஸ்டீரிங் தண்டிலேயே அமைந்திருந்ததால், முன்புறத்தில் நீண்ட ஒரே இருக்கை அமைக்க முடிந்தது.

1959இல் ஆங்கிலேயர் இவ்வுருவத்தைக் கைவிட்டு, இத்தாலியக் கலைஞர் வகுத்த புதிய உருவத்திற்கு ஆக்ஸ்போர்டு என்னும் பெயரை மாற்றிக் கொடுத்தனர். 1971இல் அப்பெயரே அங்கு வழக்கொழிந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பிர்லா குடும்பத்தினர் 1942இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் முதலில் வண்டிகளைப் பூட்டிய அந்நிறுவனம், 1948இல் கல்கத்தாவுக்கு அண்மையில் ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாராவுக்கு இடம் பெயர்ந்தது. மாரிஸ் வண்டிகளை ஒட்டி 'ஹிந்துஸ்தான் டென்', 'ஹிந்துஸ்தான் ஃபோர்ட்டீன்' ஆகியவற்றை அது தயாரித்தது. ஆக்ஸ்போர்டின் இரண்டாம் வரிசை இங்கே 'லேண்ட்மாஸ்டர்' எனப் பெயர் பெற்றது. மூன்றாம் வரிசையைத் தழுவி 1957-58இல் வெளிவந்ததே அம்பாஸிடர்.

அக்காலத்து அரசாங்கக் கொள்கையை அறியாமல் இவ்வண்டியின் நீண்ட ஆயுளை விளங்கிக்கொள்ள இயலாது. உதிரி உறுப்புகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, உறுப்புகளையே இங்கு உற்பத்தி செய்யத் திட்டம் வேண்டும் என 1953இல் சுங்கவரிக் கமிஷனின் பரிந்துரையை ஏற்று அரசாங்கம் முடிவு செய்தது. அமெரிக்க நிறுவனங்களான ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் தம் பூட்டுந்தொழிலை மூடிச் சென்றன. கார்த் தொழிலில் முக்கியமாக எஞ்சியவை மூன்று: உத்தரபாராவின் ஹிந்துஸ்தான், பம்பாயில் ஃபியட் வண்டி செய்த பிரீமியர், சென்னையை அடுத்து ஸ்டாண்டர்டு வண்டி செய்த நிறுவனம். புதிய போட்டியாளர் நுழைய அனுமதி அரிதாயிற்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் புதிய யந்திரங்கள் வாங்குவதும் கடினமாயிற்று. வண்டியின் கூண்டுத் தகடுகளை அழுத்தி உருவாக்கும் அச்சுகள் பெருஞ்செலவு பிடிப்பவை. வாங்குவோர் முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்போது, அவ்வச்சுகளை மாற்ற உற்பத்தியாளருக்கு அவசியம் என்ன இருந்தது?

ஆகவே அம்பாஸிடரின் மாற்றங்கள் பெரும்பாலும் முகத்தில் நிகழ்ந்தன, எலும்புக்கூட்டில் நிகழவில்லை. ஆயினும் தொடக்கத்தில் நேர்ந்த ஒரு மாற்றம் மெய்யான அபிவிருத்தியாகும். முதலில் வந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன; எரிபொருட் கலவை வளைந்து செல்ல வேண்டியிருந்ததால் விசை குன்றிற்று. 1959 வாக்கில் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்த எஞ்சின் பொருத்தப்பட்டது. அந்த எஞ்சினே அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வண்டியை இழுத்தது. 1960களின் தொடக்கத்தில் இரண்டாம் மார்க், 1975இல் மூன்றாம் மார்க், 1979இல் நான்காம் மார்க் என வடிவங்கள் தொடர்ந்தன. முகப்புக் கம்பியழி, விளக்குகள், உட்புறத்துக் கருவிப் பலகை ஆகியவை மாறின. அவ்வளவே. இவ்வண்டியின் உறுப்புகளைக் கொண்டே 'டிரெக்கர்' என்னும் கிராமப்புற வண்டியும் செய்யப்பட்டது. 1980 வாக்கில் டீசல் எஞ்சின் பூட்டிய அம்பாஸிடர் வந்தது. வேகம் குறைவாயினும் எண்ணெய்ச் செலவு மிச்சமானதால் வாடகை வண்டிக்காரர் அதனை விரும்பினர்.

மாறாமை குறையென்றே கூறிவிட முடியுமா? வண்டியின் உயரமும், விரிந்த பின்னிருக்கையும், மேடு பள்ளங்களைத் தாங்கும் விற்களும் நம் சாலைகளுக்கு இசைந்தன. ஓர் ஊரில் கற்ற பழுதுபார்க்கும் தொழில் மற்றோர் ஊரிலும், ஒரு தலைமுறையில் கற்றது அடுத்த தலைமுறையிலும் பயன்பட்டது. நெடுஞ்சாலையோரத்துச் சிறிய பட்டறையிலும் அதன் உறுப்பு கிடைத்தது. மேல் துண்டு விரித்து அடியிற் படுத்த மெக்கானிக், ஏடு பாராமலே அதன் நோயை அறிந்தார். மொழி தெரியாத ஊரில் வண்டி நின்றுவிட்டாலும் அஞ்ச வேண்டுவதில்லை. பட்டறைக்காரருக்கும் நமக்கும் பொதுவான மொழியாக அவ்வண்டியே நின்றது. அயல் மாநிலத்தில் குடும்பத்துடன் பயணம் செய்தவர்கள் இதன் அருமையை நன்கு உணர்வர்.

1983ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய நிறுவனத்தின் கூட்டுறவுடன் மாருதி 800 வெளிவந்தது. சிறியது, இலேசானது, எரிபொருளைச் சிக்கனமாய்ச் செலவிடுவது. வாங்குவோர் முதன்முறையாக ஒப்பிட்டுப் பார்க்கலாயினர். உத்தரபாராவும் விழித்துக்கொண்டது. 1990இல் 'நோவா' வந்தது. 1990களின் தொடக்கத்தில் 1,817 கன சென்டிமீட்டர் ஜப்பானிய இசுசு எஞ்சினும் ஐந்து கியர்களும் கொண்ட வடிவம் வந்தது. கியர்க் கோல் தரைக்கு இறங்கியது. நீண்ட முன்னிருக்கை இரண்டாகப் பிரிந்தது. பின்னர் 'கிராண்ட்', 'அவிகோ' என்னும் வடிவங்கள் தோன்றின. எஞ்சினின் விசை பெருகியது; ஆனால் அதனைச் சுமந்த உடல் 1956ஆம் ஆண்டினது. முப்பது ஆண்டுகளில் படிப்படியாகச் செய்திருக்க வேண்டியதை ஒரு சில ஆண்டுகளில் ஈடு செய்ய முயன்றால் அது எளிதாகுமா?

ஆட்சியாளரின் ஆதரவு ஒன்றே நெடுநாள் அதற்கு ஊன்றுகோலாயிற்று. சிவப்பு விளக்குச் சுழலும் வெண்ணிற அம்பாஸிடர் என்றால் அதிகாரம் வருகிறது என்று பொருள். 2001 டிசம்பர் 13 அன்று பாராளுமன்றத்தைத் தாக்க வந்த பயங்கரவாதிகளும் அத்தகைய வெள்ளை அம்பாஸிடரிலேயே வளாகத்தினுள் புகுந்தனர் என்பது, அவ்வுருவத்தை மக்கள் எவ்வளவு தூரம் கேள்வியின்றி ஏற்றிருந்தனர் என்பதைக் காட்டும். பின்னர் பிரதமர் பாதுகாப்புக் கருதி வெளிநாட்டு வண்டிக்கு மாறினார். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் பெருநகரங்களில் கடுமையாயின. அவற்றுக்கு ஏற்ப 2013இல் 'என்கோர்' என்னும் இறுதி வடிவம் வந்தது. ஆயினும் 2014 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் விற்பனை ஏறத்தாழ 2,200 வண்டிகளாகச் சுருங்கியது.

2014 மே 24 அன்று உத்தரபாரா ஆலையில் வேலை நிறுத்திவைக்கப்படுவதாக நிர்வாகம் அறிவித்தது. ஏறத்தாழ 2,500 தொழிலாளர் வேலையிழந்தனர். 2017இல் அம்பாஸிடர் என்னும் பெயரைப் பிரான்ஸ் நாட்டுப் பூஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. பெயருக்கு விலை கிடைத்தது. வண்டியைக் கைகளால் ஆக்கியவர்களின் திறமைக்கு யார் விலை கொடுத்தார்?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு பாடம் தென்படுகிறது. அயல் நூலை நம் மொழியில் ஆக்குவது இழிவன்று; நம் மண்ணில் அது வேரூன்றுவது பெருமையே. ஆனால் அந்த ஒரு நூலையே அட்டையை மட்டும் மாற்றி அரை நூற்றாண்டு அச்சிட்டுக்கொண்டிருந்தால், நமக்கென ஒரு நூல் எழுதும் கை பழகாமற் போய்விடும். தொழிலைக் காக்க எழுப்பிய வேலி, பயிர் வளரும் வரையில் வேண்டியதே. பயிர் வளர்ந்ததா என்று அவ்வப்போது பாராதிருந்ததே பிழை. அப்பிழைக்குரிய விலையை இறுதியில் செலுத்தியவர்கள் வேலியை எழுப்பியவர்களல்லர். உத்தரபாரா ஆலையின் வாயிலில் நின்ற தொழிலாளரே ஆவர்.