கண்ணாடித் தொட்டியில் கடற்சாமந்தி

மலரின் பெயரைப் பெற்றிருப்பினும் கடற்சாமந்தி மலரன்று. பாறையைப் பற்றி நின்று, வாயைச் சூழ்ந்துள்ள உணர்விரல்களை விரித்து இரை கொள்ளும் விலங்கு. அதனை வீட்டில் வைத்து வளர்க்கும் வழக்கம் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறுடையது. ஓர் உயிரை விரும்புவது வேறு, அதனைக் காப்பது வேறு என்னும் உண்மையை அவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1828-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கடற்கரையில் சர் ஜான் கிரகாம் டால்யெல் என்னும் இயற்கையியலறிஞர் ஒரு சிறு கடற்சாமந்தியை எடுத்து, எடின்பர்க்கில் இருந்த தம் இல்லத்தில் ஒரு கண்ணாடிக் கலத்தில் இட்டு வளர்த்தார். அக்காலத்தில் காற்றுக் குழாயும் இல்லை. வடிகட்டும் பொறியும் இல்லை. கடல்நீரைக் கொணர்வித்து அடிக்கடி மாற்றுவதொன்றே வழி. 1851-இல் அவர் மறைந்தார், சாமந்தி மறையவில்லை. அறிஞர் சிலரின் கைம்மாறி, இறுதியில் எடின்பர்க் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்ற அதனை மக்கள் ‘பாட்டி’ என்றே அழைத்தனர். கையகப்பட்ட நாள்முதல் 59 ஆண்டுகள் வாழ்ந்து, 1887-இல் அது மடிந்தபோது நாளேடு இரங்கற் செய்தி வெளியிட்டது.

1846-இல் இலண்டனில் அன்னா தின் என்னும் அம்மையார் கடற்சாமந்திக்கு உறவான பவள உயிர்களை வளர்த்தார். கடல்நீருக்குக் காற்றூட்டும் பொருட்டு, அவருடைய பணிப்பெண் திறந்த சாளரத்தருகே நின்று நாள்தோறும் நீரைக் கலத்துக்குக் கலம் ஊற்றி வந்தாள். நீர்த்தாவரங்களும் உயிரினங்களும் ஒன்றையொன்று தாங்கும் என்பதை இராபர்ட் வாரிங்டன் 1850-இல் விளக்கினார். கண்ணாடி மீதிருந்த வரி 1845-இலேயே நீங்கியிருந்தமையால் தொட்டிகளும் மலிந்தன.

இந்நிலையில் 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வெளிவந்தது. அவருடைய நடையும் வண்ணப் படங்களும் ஆங்கிலேயரைக் கடற்கரைக்கு ஈர்த்தன. உளியும் கூடையுமாகச் சென்றவர்கள் பாறைக் குட்டைகளைச் சூறையாடினர். பல்லாயிரம் உயிர்கள் வீட்டுத் தொட்டிகளில் சில நாள்களிலேயே அழுகின. தந்தையின் நூல்களே இவ்வழிவுக்கு வழிகோலியதையும், அதனால் அவர் பெரிதும் மனம் நொந்ததையும் அவர் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். அறிவைப் பரப்பும் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

வெப்பமண்டலச் சாமந்திகளை வளர்ப்பது இன்னும் அரிது. அவற்றுட் பலவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியால் உணவு ஆக்கித் தருகின்றன. ஒளி குன்றினால் உணவும் குன்றும். உடல் வெளிறி நலியும். நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், உயிர்கள் குடிகொண்ட பாறைகளையும் இயற்கை ஒளியையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டு கடல்தொட்டி அமைக்கும் முறையை 1961-இல் அமெரிக்க இதழொன்றில் எழுதினார். பாறையிலுள்ள நுண்ணுயிர்களே கழிவை மாற்றும் துப்புரவாளர்கள். இன்றைய பவளத் தொட்டிகளும் இந்நெறியையே தழுவுகின்றன.

எனினும் பழைய குறை நீங்கிற்றில்லை. இன்றும் கடையில் விற்கப்படும் சாமந்திகள் பல கடலிலிருந்தே பறிக்கப்படுகின்றன. அவற்றைப் பிடிக்கும் இடங்களில் சாமந்தியும் அதனுள் அடைக்கலம் பெறும் கோமாளி மீனும் குறைந்திருப்பதைப் பிலிப்பைன்ஸ் பற்றி 2005-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. தொட்டியிலேயே பிளந்து பெருகும் குமிழ்முனைச் சாமந்தியின் கன்றை மற்றொரு வளர்ப்பாளரிடம் பெறுவது கடலுக்குத் தீங்கற்ற வழியாகும்.

‘பாட்டி’ நெடிது வாழ்ந்தது சிறந்த கருவியால் அன்று. ஒருவர் விட்ட பணியை அடுத்தவர் தவறாது ஏற்றதனால் ஆகும். சாமந்தி வளர்க்க விரும்பும் மாணவர், “இஃது எங்கே கிடைக்கும்?” என்று வினவுமுன், “எனக்குப் பின் இதனை யார் காப்பார்?” என்று வினவக் கற்பாராயின், அதுவே இவ்வரலாற்றைப் பயின்றதன் பயனாகும்.