கிருபாதாரபலி: ஒரு தொகைச்சொல்லை எப்படி விரிப்பது?

புனித வெள்ளி நெருங்கும்போது ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் போனால் சுவர் எழுத்துகளிலும் ஃப்ளெக்ஸ் பேனர்களிலும் பெரும்பாலும் ஒரே செய்திதான்: உங்கள் பாவங்களுக்காக ஒருவர் மரித்தார். அதைப் படிக்கிற பலருக்கு வருகிற கேள்வியும் ஒன்றுதான். "நான் செஞ்ச தப்புக்கு இன்னொருத்தர் ஏன் சாகணும்? மன்னிக்கணும்னா மன்னிச்சிட்டுப் போறது, அதுக்கு ரத்தம் எதுக்கு?" கிண்டலாகக் கேட்பவர்கள் உண்டு. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய்வந்தும், வாய்விட்டுக் கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்திருப்பவர்களும் உண்டு.

இந்தக் கேள்விக்குப் பதிலாக முழு இறையியலையும் இங்கே விரிக்கப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லின் வரலாற்றைப் பார்த்தாலே பாதிச் சிக்கல் அவிழும் என்பது என் கணிப்பு.

அந்தச் சொல் "கிருபாதாரபலி". புரொட்டஸ்டன்ட் சபைகள் இன்றும் படிக்கிற தமிழ் வேதாகமத்தில், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 3ஆம் அதிகாரத்திலும், யோவானின் முதல் நிருபத்திலும் வரும். தமிழில் வேறெங்கும் புழங்காத சொல். கிருபை, ஆதாரம், பலி என மூன்றும் ஒட்டிய தொகை. பள்ளியில் தொகையை விரித்துக் காட்டச் சொல்வார்களே, அதை இங்கே செய்து பாருங்கள். இரண்டு விதமாக விரிக்கலாம்.

ஒன்று: கிருபைக்கு ஆதாரமான பலி. பலி முதலில், அதன்மேல் கிருபை நிற்கிறது. பலி நடந்ததால்தான் கடவுள் இரங்கினார்.

இரண்டு: கிருபையை ஆதாரமாகக் கொண்ட பலி. கிருபை முதலில், அதிலிருந்து பலி வருகிறது. ஏற்கெனவே இரங்கியதால்தான் கடவுள் இதைச் செய்தார்.

இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டும் காட்டும் கடவுள் ஒருவரல்ல. முதலாவதில் கோபம் தணியக் காத்திருக்கிறவர். இரண்டாவதில் தானே இறங்கி வருகிறவர். பேனரைப் படிக்கிறவர் காதில் விழுவது பெரும்பாலும் முதலாவதுதான். ஏனென்றால் மூன்று சொற்களில் "பலி" மட்டும்தான் அவருக்கு அன்றாடம் பழகியது.

சரி, மூலத்தில் என்ன இருக்கிறது? பவுல் எழுதிய கிரேக்கச் சொல் "ஹிலாஸ்தேரியோன்". புதிய ஏற்பாட்டில் அது இரண்டே இடத்தில்தான் வருகிறது. இன்னொரு இடம் எபிரெயருக்கு எழுதிய நிருபம், 9ஆம் அதிகாரம். அங்கே அதே சொல்லைத் தமிழில் "கிருபாசனம்" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடி அது. ஆண்டுக்கொரு முறை பிரதான ஆசாரியர் இரத்தம் தெளிக்கும் இடம்; கடவுள் சந்திப்பதாகச் சொன்ன இடம். லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் கிருபையின் ஆசனம் என்று பொருள்படும் ஒரே சொல்லைத்தான் போட்டார். தமிழில் ஒன்று ஆசனமாகவும் மற்றொன்று பலியாகவும் பிரிந்துவிட்டது. அந்த இடத்தின் கிரேக்கத்தில் பலி என்று தனியாக ஒரு சொல் கிடையாது. இரத்தம் என்ற சொல் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஹிலாஸ்தேரியோனை முன்வைத்தவர் கடவுளே என்கிறார் பவுல். மனிதர் கடவுளுக்குக் கொண்டுபோய் வைத்ததாகச் சொல்லவில்லை.

அந்த ஆண்டுச் சடங்கை விவரிக்கும் லேவியராகமம் 16இலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. இரண்டு ஆட்டுக்கடாக்கள், சீட்டுப் போட்டு ஒன்றைக் கர்த்தருக்கு, மற்றொன்றைப் போக்காடு. மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு ஆசாரியர் கைகளை வைப்பது போக்காட்டின் தலைமேல். அதை வெட்டுவதில்லை, உயிரோடு வனாந்தரத்துக்கு விரட்டிவிடுகிறார்கள். வெட்டப்படும் ஆட்டின்மேல் பாவத்தைச் சுமத்துவதாக அங்கே எழுதியில்லை. "பாவத்தை ஆட்டின்மேல் ஏற்றி, ஆட்டுக்குத் தண்டனை கொடுத்தார்கள்" என்று நாம் பொதுவாக நினைக்கிற சித்திரம் அந்த அதிகாரத்தில் இல்லை.

அப்படியானால் தண்டனை, கடன், அபராதம் என்ற பேச்செல்லாம் எப்போது வந்தது? இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்து யார் என்பதற்கு 325இல் நிசேயாவிலும் 451இல் கல்கெதோனிலும் சங்கம் கூட்டி வரையறை செய்தார்கள். ஆனால் அவருடைய மரணம் எப்படி மீட்கிறது என்பதற்கு அப்படி ஒரே விளக்கத்தை எந்தப் பொதுச் சங்கமும் தீர்மானிக்கவில்லை. நமக்காக, நம் மீட்புக்காக என்பதோடு அறிக்கை நின்றுவிட்டது. அதனால் ஒவ்வொரு காலமும் தனக்குத் தெரிந்த உலகத்திலிருந்து ஒரு விளக்கத்தை எடுத்துக்கொண்டது.

அடிமைச் சந்தை இருந்த காலத்தில் அதை மீட்புப் பணமாகப் பார்த்தார்கள். பிசாசின் கையில் அடிமைப்பட்ட மனிதரை விலை கொடுத்து மீட்டார் என்பது 3ஆம் நூற்றாண்டின் ஓரிகன் வழி வந்த விளக்கம். தமிழ் வேதாகமத்தில் "மீட்கும்பொருள்" என்று வருவது அந்தப் படிமம்தான். 4ஆம் நூற்றாண்டில் நாசியான்சுஸ் கிரகோரி ஒரு நேரடிக் கேள்வி கேட்டார்: அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? பிசாசுக்கு என்றால் அது அவமானம். தந்தைக்கு என்றால், அவர் கையிலா நாம் சிறைப்பட்டிருந்தோம்? இரண்டையும் அவர் ஏற்கவில்லை.

நிலப்பிரபுக்களின் காலத்தில் அது மானப் பிரச்சினை ஆனது. 1098 வாக்கில் அன்செல்ம் எழுதிய நூல், பாவத்தைக் கடவுளின் மாண்புக்குச் செலுத்தத் தவறிய கடனாகக் கண்டது. மனிதன் அடைக்க வேண்டிய கடன். கடவுளால் மட்டுமே அடைக்க முடிந்த கடன். ஆகவே கடவுள் மனிதரானார். அடுத்த தலைமுறையில் பாரிசின் அபெலார்ட், சிலுவை கடவுளின் அன்பைக் காட்டி நம் மனதை மாற்றுகிறது என்றார். 16ஆம் நூற்றாண்டில் சட்டம் படித்த கால்வினும் மற்ற சீர்திருத்தவாதிகளும் நீதிமன்ற மொழியைக் கொண்டுவந்தார்கள்: குற்றம், தீர்ப்பு, தண்டனை, பதிலாள். அதே நூற்றாண்டின் கடைசியில் ஃபௌஸ்டோ சொசீனி என்ற இத்தாலியர் மடக்கினார்: கடன் முழுசாக அடைபட்டுவிட்டது என்றால், அப்புறம் மன்னித்தது எதை?

இந்தக் கேள்வி அம்பத்தூர் எஸ்டேட்காரர்களுக்கு நன்றாகப் புரியும். கூட வேலை செய்கிறவருக்காக ஒருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். கடன் வாங்கியவர் கட்டவில்லை, ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இதில் ஜாமீன்தாரர் பெரிய மனசுக்காரர்தான். ஆனால் கடன் கொடுத்த சங்கம் எதையும் மன்னிக்கவில்லை, வசூல் பண்ணிவிட்டது. இன்னொரு விதமும் உண்டு. கடன் கொடுத்தவரே "போகட்டும்பா" என்று சீட்டைக் கிழித்துப் போடுகிறார். அங்கே நஷ்டம் எங்கேயும் மறைந்து போவதில்லை. கொடுத்தவர் தலையிலேயே விழுகிறது. மன்னிப்புக்கு எப்போதும் ஒரு செலவு உண்டு, அதை ஏற்பவர் மன்னிப்பவர். தொகையின் இரண்டாவது விரிவு சொல்வது இதைத்தான்.

தமிழுக்கு இந்தச் சொற்களைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் லூத்தரன்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவுக்குப் பின், மொழிபெயர்ப்பில் பெரிய பெயர் பப்ரிஷியஸ். 1742இல் சென்னைப் பணிக்கு வந்து, பின்னர் வேப்பேரியில் இருந்தவர். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் அங்கேதான் அச்சானது. இன்றைய பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்தது. அதுவும் பப்ரிஷியஸ் போட்ட தடத்தில் நடந்ததுதான். கடனும் மீட்பும் பற்றித் தமிழில் அத்தனை உழைத்த பப்ரிஷியஸ், வயதான காலத்தில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனுக்காகச் சிறையில் இருந்தார் என்பது வரலாற்றின் வினோதம். 1791இல் இறந்தார். கடன் என்ற உவமை அவருக்கு ஏட்டில் மட்டும் இருக்கவில்லை.

வேப்பேரியை ஒட்டி மேற்கே போகிற பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இந்தச் சொற்கள் ஊருக்குள் வந்தபோது, கேட்டவர்களின் காது காலியாக இல்லை. "வினை விதைத்தவன் வினை அறுப்பான்" என்று கேட்டு வளர்ந்த காது அது. அவரவர் வினை அவரவருக்கு என்றால் இன்னொருவர் சுமப்பது எப்படி? இந்த மறுப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்கிற நியாயம் அதில் இருக்கிறது.

ஆனால் அதே காது வேறொன்றையும் அறியும். பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே திருவேற்காடு. ஆடி மாதம் கருமாரியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தைப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டிக்கொள்வது அம்மா. நோன்பிருந்து உடம்பை வருத்திக்கொள்வதும் அம்மா. அதற்குப் பெயரே நேர்த்திக்கடன். ஒருவருக்காக இன்னொருவர் சுமக்க முடியாது என்று வாதத்தில் சொல்கிற நாம், வாழ்க்கையில் அப்படி நடந்துகொள்வதில்லை. வித்தியாசம் திசையில் இருக்கிறது. நேர்த்திக்கடன் கீழிருந்து மேலே போகிறது. பவுல் சொல்வது மேலிருந்து கீழே வருகிறது. கடவுளை நம்மோடு ஒப்புரவாக்கியதாக அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. நம்மைக் கடவுளோடு ஒப்புரவாக்கியதாகவே எழுதுகிறார். மனம் மாற வேண்டியிருந்தது நம் பக்கம்.

இதை உரக்கச் சொன்ன தலைமுறை ஒன்று சென்னையில் இருந்தது. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, அதை ஒட்டி "ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா" என்ற நூல் வெளிவந்தது. அதில் முக்கியமான இருவர் வழக்கறிஞர்கள். ஒருவர் பி. செஞ்சையா, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். மற்றவர் அவருடைய உறவினர் வி. சக்கரை, தொழிற்சங்கத் தலைவர், சென்னை மேயராகவும் இருந்தவர். நீதிமன்றத்தை உள்ளும் புறமும் அறிந்தவர்களுக்கே, கடவுளை நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கும் விளக்கம் போதவில்லை என்பது யோசிக்க வேண்டியது. செஞ்சையாவுக்குக் கிறிஸ்தவத்தின் மையம் புதிய படைப்பு. பழைய கணக்கைத் தீர்ப்பதோடு அது முடிவதில்லை.

பின்னாளில் கோயம்புத்தூர் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி இன்னொரு வழியில் போனார். 1927இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதினார். அவர் துணைக்கு அழைத்தவர் இராமானுசர். இங்கே பூந்தமல்லிக்கு ஒரு நூல் ஓடுகிறது. இராமானுசர் குருவாக மதித்த திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இதுதான். இராமானுசரைப் பற்றி வைணவ மரபு சொல்கிற கதை நமக்கெல்லாம் தெரியும். திருக்கோட்டியூரில் குரு காத்துவைத்த மந்திரப் பொருளை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார். சொன்னால் நரகம் என்றதற்கு, இவ்வளவு பேர் உய்ந்தால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்கிறார். இந்தக் கதையைக் கேட்கிற யாரும் "அந்த விலை யாருக்குப் போய்ச் சேர்ந்தது?" என்று கேட்பதில்லை. அன்பு தன்மேல் இழுத்துக்கொள்கிற இழப்பு அது என்று சொல்லாமலே புரிகிறது. அது சிலுவைக் கதையல்ல. இரண்டையும் ஒன்றாக்கவும் கூடாது. ஆனால் இரண்டாவது விரிவைக் கேட்கத் தமிழ்க் காது பழக்கமில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது.

1995இல் வந்த திருவிவிலியம் "கிருபாதாரபலி"யை விட்டுவிட்டு "கழுவாய்" என்ற சொல்லை எடுத்தது. அது புறநானூற்றுச் சொல். 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்கு மட்டும் உய்வில்லை என்று அறநூல் சொல்வதாகக் கிள்ளிவளவனிடம் பாடுகிறார். கழுவு என்பதன் அடியாகப் பார்த்தால் அழுக்கு போவதுதான் பேச்சு, அடிவாங்குவது அல்ல. அதேபோல் "ஒப்புரவு" குறளின் 22ஆம் அதிகாரத் தலைப்பில் இருக்கிற சொல். உலகத்தோடு ஒத்து, பிறருக்குப் பயன்பட்டு வாழ்வது என்று அங்கே பொருள். உடைந்த உறவு கூடுவதற்கு அதைவிட நல்ல சொல் கிடைப்பது கஷ்டம்.

இதெல்லாம் சொல்லாராய்ச்சிதானே, இதனால் என்ன என்று கேட்கலாம். துக்க வீடுகளில் இருக்கிறது விடை. சின்ன வயதில் ஒரு பிள்ளை இறந்த வீட்டுக்கு வந்து, "ஏதோ பாவம், அதான் கர்த்தர் எடுத்துக்கிட்டார்" என்று பெற்றவளிடம் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வசூலிக்கிற கடவுளைத்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மகனிடமே வசூலித்தவர் உன்னிடம் விடுவாரா என்கிற கணக்கு உள்ளே ஓடுகிறது. அந்தத் தாய் அன்று ராத்திரி யாரிடம் ஜெபிப்பாள் என்பதை, இந்தத் தொகையை அவளுக்கு எப்படி விரித்துச் சொன்னோம் என்பதே தீர்மானிக்கிறது.

பலி என்ற சொல்லை அழிக்கச் சொல்லவில்லை. இரத்தம், மரணம் எல்லாம் நற்செய்திக் கதைக்குள்ளேயே இருப்பவை. ஆனால் அந்தச் சொல்லை வாசிக்கும்போது வரிசை முக்கியம். கிருபை முதலில் நிற்கிறது, பலி கடைசியில் நிற்கிறது. எழுதியிருக்கிற வரிசையிலேயே படித்தால் போதும்.