பாண்ட் போன இரண்டு கல்லறைகள்

பழைய ஜேம்ஸ் பாண்ட் படங்களை எந்த வரிசையில பார்த்தாலும் குடி ஒண்ணும் முழுகிடாது. 1962ல 'டாக்டர் நோ' வந்ததிலிருந்தே அப்படித்தான். ஒரு படத்துல பட்ட அடி அடுத்த படத்துல வலிக்காது.

1969ல வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தையே எடுத்துக்கோங்க. பாண்டுக்குக் (ஜார்ஜ் லேசன்பி) கல்யாணம் ஆகுது. அன்னிக்கே மனைவி ட்ரேசியைச் சுட்டுக் கொன்னுடறாங்க. அடுத்த படத்துல மனுஷன் துடிச்சுப் போயிருப்பார்னு பார்த்தா... 1971ல 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்'ல ஷான் கானரி திரும்பி வந்து வில்லன் புளோஃபெல்டைத் தேடித்தேடி அடிக்கிறார். ட்ரேசி பேரையே காணோம்!

1981ல 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'யில ரோஜர் மூர் ட்ரேசி கல்லறைக்குப் பூ கொண்டுபோறார். சில நிமிஷத்துலயே சக்கர நாற்காலி வில்லனை ஹெலிகாப்டரால தூக்கிப் புகைபோக்கிக்குள்ள போட்டு ஒரே காமெடி. துக்கம் அம்புட்டுதான் :-)

டேனியல் கிரெய்க் வந்தப்புறம் கதையே வேற. 2006ல 'கேசினோ ராயல்'ல காதலி வெஸ்பர் சாகிறாள். 2008ல 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்குது. 2021ல 'நோ டைம் டு டை'யில, இத்தாலியின் மட்டேரா ஊர்ல வெஸ்பர் கல்லறைக்குப் போறார். அங்கேயே குண்டு வெடிக்குது. கடைசியில பாண்டே செத்துப் போறார்.

முடிவில ஒலிக்கிறது எந்தப் பாட்டு தெரியுமா? 1969 படத்துக்காக லூயி ஆம்ஸ்ட்ராங் பாடினது.

மறதி இருந்தவரைக்கும் பாண்டுக்குச் சாவில்லை. ஞாபகம் வந்ததும் மனுஷனாயிட்டார், செத்தும் போயிட்டார். ஜாலிக்கு எனக்கு இன்னிக்கும் கானரிதான். ஆனா ட்ரேசிக்கான துக்கம் முழுசா வந்து சேர 52 வருஷம் ஆச்சுன்னு தோணுது.

முடிஞ்சா இந்த ரெண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்க மக்களே.