மத்தியதரைக்கடற் காய்ச்சலும் காந்தள் விதையும்

திடீரெனக் காய்ச்சல் மூளும். வயிறு பலகைபோல் இறுகும். மார்பிலும் மூட்டிலும் வலி எழும். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் யாவும் தாமே அடங்கிவிட, நோயாளி ஒரு குறையுமின்றி நடமாடுவார். பின்னர் ஒரு நாள் மீண்டும் அதுவே நிகழும். யூதர், ஆர்மீனியர், துருக்கியர், அராபியர் ஆகியோரிடையே மிகுதியாகக் காணப்படும் இந்நோய்க்கு நெடுங்காலம் பெயரே இல்லை. குடல்வால் அழற்சி என்று கருதி வயிற்றைக் கீறிப் பார்த்து, ஒன்றும் காணாது தைத்து அனுப்பப்பட்டோர் பலர்.

1945ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் ஷெப்பர்டு சீகல் இதனைத் தனி நோயாக விரித்துரைத்தார். ஆனால் அவர் சூட்டிய பெயரில் 'தீங்கற்ற' என்னும் அடைமொழியும் இருந்தது. சொற்களோடு பழகுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஓர் அடைமொழி இவ்வளவு தவறாக அமைந்ததைக் காண வருத்தமே உண்டாகிறது. 1950களின் தொடக்கத்திலேயே பிரான்சு நாட்டு மருத்துவர்களான மாமூவும் கத்தானும் இந்நோயாளிகளின் சிறுநீரகம் கெடுவதை எடுத்துக்காட்டினர். அடிக்கடி மூளும் அழற்சியினால் அமிலாய்டு என்னும் புரதப் படிவு சிறுநீரகத்தில் தங்கி, அதனை மெல்ல மெல்லச் செயலறச் செய்துவிடும். இளம் வயதிலேயே பலர் மாண்டனர். 1958இல் இஸ்ரேல் மருத்துவர் ஹெல்லரும் அவர்தம் துணைவரும் 'குடும்ப மத்தியதரைக்கடற் காய்ச்சல்' என்னும் பெயரை நிலைநாட்டினர். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை.

மருந்து வந்த வழி வியப்புக்குரியது. கீல்வாதத்திற்குப் பன்னெடுங்காலமாக வழங்கிவந்த கால்சிசின், இக்காய்ச்சல் வராமலே தடுக்கும் என்று 1972இல் பாஸ்டன் நகர மருத்துவர் கோல்டுஃபிங்கர் அறிவித்தார். அதே ஆண்டில் துருக்கியில் ஓஸ்கானும் அவ்வாறே கண்டார். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் ஒரு செடியிலிருந்து எடுக்கப்படும் இப்பொருள், நம் செங்காந்தளிலும் உண்டு. ஊர் வேலியில் தீச்சுடர்போலப் பூத்திருந்த கார்த்திகைப்பூவை, எத்தனை ஆண்டு வெளிமாநிலத்தில் வாழ்ந்தாலும் நம்மில் யார் மறப்பர்? அதன் கிழங்கு உயிரைக் குடிக்கும் நஞ்சு என்று பாட்டிமார் அச்சுறுத்தியதும் உண்மையே. ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர் இன்று அதன் விதையை மருந்துத் தொழிலுக்கென்றே விளைவிக்கின்றனர்.

1974இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகள் கால்சிசினின் ஆற்றலை ஐயமற நிறுவின. எனினும் சிறுநீரகம் பிழைக்குமா? 1986இல் இஸ்ரேல் மருத்துவர் செமரும் குழுவினரும் விடை தந்தனர். தொடக்கத்தில் சிறுநீரகக் கேடு இல்லாதவருள் மருந்தை ஒழுங்காக உட்கொண்டோர் 906 பேர். அவர்களில் நால்வருக்கே பின்னர் சிறுநீரில் புரதம் தோன்றியது. ஒழுங்காக உட்கொள்ளாத 54 பேரிலோ அது 16 பேருக்குத் தோன்றியது. நூற்றில் ஒருவருக்கும் குறைவு ஒருபுறம், ஏறத்தாழ முப்பதின்மர் மறுபுறம்.

காரணம் 1997இல் துலங்கிற்று. இரு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே பதினாறாம் குரோமோசோமில் ஒரே மரபணுவைக் கண்டன. அது ஆக்கும் புரதத்திற்கு ஒரு குழு தீயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 'பைரின்' என்றும், மற்றது ரோமர் தம் கடலை அழைத்த பெயரால் 'மாரெனோஸ்ட்ரின்' என்றும் பெயரிட்டன. முன்னதே நிலைத்தது. அது முதல் இரத்தத்தின் மரபணுச் சோதனை நோயறிய உதவுகிறது. ஆயினும் நோயாளியின் குடும்பக் கதையைப் பொறுமையாகக் கேட்கும் மருத்துவருக்கு அது ஈடாகாது.

1999இல் இத்தகைய நோய்களுக்கென ஒரு பொதுப்பெயர் பிறந்தது. தமிழில் 'தன்னழற்சி நோய்' எனலாம். 'தன்னெதிர்ப்பு' என்பதோடு இதனை மயக்கலாகாது. அங்கே உடலின் காவற்படை உடலையே பகையெனக் குறிவைக்கிறது. இங்கே பகையென எதனையும் குறியாது, பிறவியில் அமைந்த பிழையால் அபாயமணி தானாகவே ஒலிக்கிறது. அம்மணியின் ஒலியான இன்டர்லூக்கின்-1 என்னும் பொருளைத் தடுக்கும் கனாகினுமாபு ஊசிமருந்துக்கு, இக்காய்ச்சலுக்கென 2016இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதன் விலை மிகப் பெரிது. கால்சிசினுக்கு அடங்காதவர்க்கே அது. ஏனையோர்க்கு அந்தப் பழைய சிறு மாத்திரையே நாள்தோறும், ஆயுள் முழுவதும்.